அளவோடு ஆடலாமா?

2020-ஆம் ஆண்டு அக்டோபர் மாதம், பெருந்தொற்றுக்கு அஞ்சி அனைவரும் வீடடங்கியிருந்த நாட்களில், என் தமக்கையின் பேரன் அமெரிக்காவின் டென்வர் நகரிலிருந்து தொலைபேசியில் அழைத்தான். அந்நாட்டின் குடியுரிமை பெற்று முதன்முறையாக வாக்களிக்கப் போகும் உற்சாகம் அவன் குரலில் தெரிந்தது. வாக்குச் சீட்டு அஞ்சலிலேயே வீட்டுக்கு வந்துவிட்டதாம். "பாட்டி, இங்கே ஆளைத் தேர்ந்தெடுப்பதோடு முடிவதில்லை. இந்தச் சட்டம் வேண்டுமா, வேண்டாமா என்றும் நம்மைக் கேட்கிறார்கள். இம்முறை வந்துள்ள கேள்விகளில் ஒன்று சூதாட்டத்தைப் பற்றியது" என்றான்.

அவன் விளக்கியதை வாசகர்களுக்காகச் சுருக்கி எழுதுகிறேன். கொலராடோ மாநிலத்தின் மலைப்பகுதியில் சென்ட்ரல் சிட்டி, பிளாக் ஹாக், கிரிப்பிள் கிரீக் என மூன்று சிற்றூர்கள் உள்ளன. ஒரு காலத்தில் பொன் எடுத்துச் செழித்து, பொன் குறைந்தபின் களையிழந்தவை அவை. இடிந்துவரும் பழங்கட்டடங்களைக் காக்கவும் ஊருக்கு வருவாய் தேடவும், அம்மூன்று ஊர்களில் மட்டும் 'வரையறுக்கப்பட்ட சூதாட்டம்' நடத்தலாமா என்று 1990-இல் மாநில மக்கள் அனைவரிடமும் வாக்குக் கேட்டனர். மக்கள் இசைந்தனர். 1991 அக்டோபர் முதல் நாள் ஆட்டம் தொடங்கியது. ஒரு பந்தயத்துக்கு ஐந்து டாலருக்கு மேல் வைக்கக் கூடாது என்பதே வரையறை. 2008-இல் மீண்டும் ஒரு வாக்கெடுப்பு நடந்தது. ஐந்து நூறாகலாம் என்றும், இரவு முழுதும் ஆட்டக்கூடம் திறந்திருக்கலாம் என்றும் மக்கள் ஒப்பினர். கூடுதல் வரியில் பெரும்பகுதி அம்மாநிலத்தின் சமுதாயக் கல்லூரிகளுக்கு என்று சொல்லப்பட்டது. 2020-இல் கேட்கப்பட்டது மூன்றாவது கேள்வி: நூறு டாலர் என்ற உச்சவரம்பையும் எடுத்துவிட்டு, எவ்வளவு என்பதை அந்தந்த ஊர் வாக்காளர்களே முடிவு செய்துகொள்ள விடலாமா?

இவ்வளவும் சொல்லிவிட்டு அவன் கேட்டான்: "நம் தர்மத்தில் இல்லறத்தாருக்கு எல்லாமே அளவுதானே பாட்டி? பொருளை அடியோடு விடு என்று நம்மிடம் சொல்லவில்லை. அளவு வகுத்துக்கொள் என்றுதான் சொல்லியிருக்கிறது. அப்படியானால் சூதையும் அளவோடு ஆடினால் என்ன தவறு?"

முப்பத்தைந்து ஆண்டுகள் கரும்பலகை முன் நின்றவள் நான். ஆயினும் உடனே விடை சொல்ல இயலவில்லை. ஒரு வாரம் தவணை கேட்டு வைத்தேன்.

கேள்வி எளிதன்று. நம் ஐந்து அணுவிரதங்களில் ஐந்தாவது மிகுபொருள் விரும்பாமை. இவ்வளவு நிலம், இவ்வளவு பொன், இவ்வளவு தானியம் போதும் என்று இல்லறத்தான் தானே வரைந்துகொள்வது அது. குண விரதங்களிலும் திசைக்கு வரையறை உண்டு. உண்பனவற்றுக்கும் துய்ப்பனவற்றுக்கும் வரையறை உண்டு. ஆனால் சப்த வியசனங்களை எண்ணும்போது சூதினை முதலில் வைத்து, அதற்கு மட்டும் அளவு பேசாமல் அறவே விடுக என்கின்றன நூல்கள். பத்து ஏக்கர் வைத்துக்கொள்ளலாம், பத்து ரூபாய்க்குச் சீட்டாடலாகாது என்பது என்ன கணக்கு? சிறுவயதில் பாடசாலையில் இதை நான் யாரிடமும் கேட்டதில்லை. கேட்கத் தோன்றாமற் போனது என் குறை.

சூதுக்காக மக்களிடம் வாக்குக் கேட்கும் வழக்கம் நம் நாட்டில் இல்லை. ஆனால் அளவிட்ட சூதை அரசே நடத்தியது உண்டு. 1967-இல் கேரள அரசு லாட்டரியைத் தொடங்கியது. 1968-இல் நம் மாநிலத்தில் பரிசுச் சீட்டு வந்தது. 'விழுந்தால் வீட்டுக்கு, விழாவிட்டால் நாட்டுக்கு' என்ற தொடர் அந்நாளில் குழந்தைகள் வாயிலும் புழங்கிற்று. ஒருவனுடைய ஆசைக்கு ஈகையின் சட்டையை அணிவித்த சொற்கள் அவை. தோற்றாலும் புண்ணியம் என்றால் யார்தான் வாங்கமாட்டார்?

நானும் வாங்கினேன். 1970-இல் ஆசிரியப் பயிற்சிப் பள்ளி விடுதியில் இருந்தபோது ஒரு ரூபாய்க்கு ஒரு சீட்டு வாங்கிப் பாடக் குறிப்பேட்டின் அட்டைக்குள் வைத்தேன். தோழியர் நால்வருக்குத் தெரியும், வீட்டாருக்குத் தெரியாது. குலுக்கலுக்குப் பதினைந்து நாட்கள் இருந்தன. அந்தப் பதினைந்து நாட்களில் வந்தவாசிப் பக்கத்து எங்கள் கிராமத்து ஓட்டு வீட்டை மாடி வீடாக்கினேன். தந்தையின் கடனை அடைத்தேன். தமக்கைக்கு வளையல் செய்தேன். உளவியல் வகுப்பில் ஆசிரியை கேட்ட கேள்வி காதில் விழவில்லை. இரவில் நவகாரம் சொல்லும்போதும் எண்கள் குறுக்கிட்டன. முடிவு வந்த நாளில் என் சீட்டின் எண்ணில் ஒன்றுகூடப் பொருந்தவில்லை. போனது ஒரு ரூபாய்தான். அதைக் காட்டிலும், 'அடுத்த மாதம் இன்னொன்று' என்று மனம் உடனே சொன்னதே என்னைத் திடுக்கிடச் செய்தது. அதற்குப் பின் வாங்கவில்லை. அது என் உறுதியால் என்று பெருமை கொள்ள வழியில்லை. அடுத்த மாதம் கையில் காசில்லை.

ஒரு ரூபாய்க்கு வரம்பு இருந்தது. அது எழுப்பிய ஆசைக்கு வரம்பு இல்லை. பிற்காலத்தில் அமிர்தசந்திராசாரியரின் புருஷார்த்த சித்தியுபாயத்தைப் படித்தபோது, அவர் சூதினை அனர்த்த தண்டத்தைப் பேசுமிடத்தில் வைத்திருப்பதைக் கண்டு அந்த விடுதி நாட்களை நினைத்துக்கொண்டேன். பயனின்றித் தீவினை ஈட்டும் செயல்களே அனர்த்த தண்டம். பற்றும் பகையும் உள்ளத்தில் எழுவதே இம்சை என்பதும் அவ்வாசிரியரின் கொள்கை; பிறவுயிர் வருந்துமுன்னரே ஆடுவோன் தன்னைத் தானே வருத்திக்கொள்கிறான். திருக்குறளிலும் சூது என்னும் தொண்ணூற்று நான்காம் அதிகாரம், தோல்விக்கு அஞ்சு என்று தொடங்கவில்லை. வெற்றி கிட்டினும் வேண்டாம் என்றே தொடங்குகிறது. அது ஏன் என்பதை எனக்கு விளங்கச் செய்தவர் திண்டுக்கல்லில் ஒரு பூட்டுத் தொழிலாளி.

கணவரின் அலுவல் மாற்றத்தால் நாங்கள் இவ்வூருக்கு வந்தோம். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் என் வகுப்பில் அவருடைய மகள் படித்தாள். மாங்காய்ப் பூட்டுக்கு நெம்பு தகடு அராவும் கை அவருக்கு. பட்டறையில் அவர் அராவிய பூட்டு மறு கை பார்க்க வேண்டியிருந்ததில்லை என்பார்கள். அந்நாளில் பேருந்து நிலையத்தைச் சுற்றி வண்ணச் சீட்டுகள் தோரணமாகத் தொங்கின. நம் மாநிலச் சீட்டு மட்டுமன்றிப் பிற மாநிலங்களின் சீட்டுகளும் பூட்டான் நாட்டுச் சீட்டும் விற்றன. கடைசி ஓர் எண்ணுக்கே பரிசு தரும் சீட்டுகளில் காலையில் வாங்கினால் மாலையில் முடிவு. தேர்வுக் கட்டணம் கட்ட மகளுக்குப் பணம் தராததால் நான் அவரை அழைத்துக் கேட்டேன். அவர் தலை குனியவில்லை. "டீச்சரம்மா, நான் தினம் ரெண்டு சீட்டுத்தான். மூணாவது தொட்டதில்லை. யாரை வேணும்னாலும் கேட்டுப் பாருங்க" என்றார்.

விசாரித்தேன், உண்மைதான். மது அருந்தாதவர், பொய் சொல்லாதவர். இரண்டு சீட்டு என்ற வரையறையை யாரும் சொல்லாமல் தாமே வகுத்து, ஆண்டுக்கணக்கில் காத்தவர். கட்டணத்தை நானே கட்டினேன்.

மறு ஆண்டு அவருக்குப் பரிசு விழுந்தது. பெருந்தொகை அன்று, ஆனால் பட்டறையில் ஓராண்டு அராவினாலும் சேராத தொகை. இனிப்புப் பொட்டலத்தோடு பள்ளிக்கு வந்தார். நான் கட்டிய பணத்தைத் திருப்பித் தந்ததோடு, "பிள்ளைகளுக்கு ஏதாச்சும் வாங்குங்க" என்று மேலும் நூறு ரூபாய் வைத்தார். நான் வாங்கிக்கொண்டேன். அன்று முதல் அவருடைய இரண்டு சீட்டு நான்காயிற்று, பத்தாயிற்று. 'ஒரு முறை விழுந்த கை' என்று கடைக்காரர் அழைத்து அழைத்துக் கொடுத்தார். பட்டறைக்குப் போவது குறைந்தது. அந்தப் பெண் பத்தாம் வகுப்போடு நின்று, வேடசந்தூர்ப் பக்கத்து நூற்பாலைக்கு வேலைக்குச் சென்றாள். தோல்விகள் அத்தனையிலும் கட்டுப்பட்டு நின்ற மனிதரின் வரம்பை வெற்றி ஒரே நாளில் உடைத்தது.

பேரனுக்கு நான் முதலில் எண்ணி வைத்த விடை இவரால் உடைந்தது. விரதத்தின் அளவு, ஆசைப்படுபவன் தன் ஆசைக்கு எதிராகத் தானே இடுவது. சூதாட்டக் கூடத்தின் அளவு, ஆட்டத்தால் வருவாய் பெறுவோர் இடுவது. ஆகையால் முன்னது குறையும், பின்னது வளரும். ஐந்து நூறானது போல. இப்படிச் சொல்லிவிடலாம் என்றிருந்தேன். இது அரசுக்கும் ஆட்டக்கூடத்துக்கும் பொருந்தும். பூட்டுத் தொழிலாளிக்குப் பொருந்தாது. அவர் தம் அளவைத் தாமே இட்டவர். ஆகவே குற்றம் அளவை யார் இடுகிறார் என்பதில் மட்டும் இல்லை.

நிலக்கோட்டையில் மல்லிகை பயிரிடுபவருக்கு நாளைக் காலை என்ன விலை கிடைக்கும் என்று தெரியாது. ஒட்டன்சத்திரம் சந்தைக்குத் தக்காளி ஏற்றிச் செல்பவர் ஏற்றிய கூலிகூட இல்லாமல் திரும்புவதும் உண்டு. இவை சூதல்ல. விலை ஏறினாலும் இறங்கினாலும் பூ ஒருவர் கூந்தலுக்கும் தக்காளி ஒரு வீட்டுக் குழம்புக்கும் போய்ச் சேர்கிறது. தற்செயலும் குற்றமன்று, உத்திரமேரூரில் பத்தாம் நூற்றாண்டில் குடத்தில் ஓலையிட்டுக் குலுக்கித்தான் ஊர்ச்சபைக்கு ஆள் எடுத்தனர். (நம் மொழியில் பரிசுச் சீட்டும் ஏலச் சீட்டும் வாக்குச் சீட்டும் ஒரே சொல்லால் வழங்குவது ஒரு வேடிக்கை.) சூதில் மட்டும் ஒருவன் பெறுவது முழுதும் பிறர் இழந்தது. அந்தத் தொழிலாளி கொண்டுவந்த நூறு ரூபாய், அவரைப் போலவே தினம் இரண்டு சீட்டு வாங்கிய தோல் பதனிடும் தொழிலாளியினுடையது, சுருட்டுச் சுற்றும் பெண்ணினுடையது. அவர்கள் விரும்பித்தானே கொடுத்தார்கள் என்பர். வாங்கியவன் விரும்பினான், அவன் மனைவியும் மகளும் விரும்பிக் கொடுத்தனரா? கொடாததைக் கொள்ளாமை என்ற நம் மூன்றாம் விரதத்தை இந்த இடத்தில் வைத்துப் பார்க்க வேண்டும் என்பது என் கருத்து. பொருளுக்கு அளவிடும்போது நாம் அளப்பது நம்முடையதை. சூதில் நாம் விரும்புவதே பிறருடையது. அதில் சிறிதளவு என்பது என்ன?

அரசு என்ன செய்ய வேண்டும் என்பது வேறு கேள்வி. மைய அரசின் 1998-ஆம் ஆண்டு லாட்டரிச் சட்டம் ஓரெண் பரிசைத் தடுத்தது; ஒரு லாட்டரிக்கு வாரம் ஒரு குலுக்கலே என்றது. அதுவும் ஓர் அளவுதான். தமிழ்நாடு 2003 ஜனவரியில் எல்லா லாட்டரி விற்பனையையும் நிறுத்தியது. பேருந்து நிலையத்துத் தோரணங்கள் இறங்கின. அவற்றை விற்றுப் பிழைத்த கால் ஊனமுற்றோரும் முதியோரும் பிழைப்பிழந்தனர் என்பதையும் மறைக்கலாகாது. குமுளிக்குப் போய்க் கேரளச் சீட்டு வாங்கி வருவோர் இன்றும் இருக்கிறார்கள். அதை இங்கே ஒளித்து விற்றுப் பிடிபடுவோரும் இருக்கிறார்கள்.

தோரணம் இறங்கிய சில ஆண்டுகளில் ஆட்டம் கைப்பேசிக்குள் புகுந்தது. ஆன்லைன் ரம்மியில் பணம் இழந்து உயிரை மாய்த்துக்கொண்டவர்களின் செய்திகள் வரத் தொடங்கின. 2021-இல் மாநில அரசு இயற்றிய தடைச் சட்டத்தைச் சென்னை உயர்நீதிமன்றம் அவ்வாண்டு ஆகஸ்டில் செல்லாததாக்கியது. 2022-இல் நீதிபதி சந்துரு தலைமையில் குழு அமைக்கப்பட்டது. பின்னர் பொதுமக்கள், பெற்றோர், ஆசிரியர் ஆகியோரிடம் அரசு கருத்துக் கேட்டது. பேரனின் வாக்குச் சீட்டுக்கு நம் ஊரில் மிக அருகில் வருவது இதுதான். நானும் அயல் வீட்டுப் பெண்ணைக் கொண்டு நான்கு வரி மின்னஞ்சல் அனுப்பினேன். புதிய சட்டத்தை ஆளுநர் திருப்பியனுப்ப, சட்டமன்றம் மீண்டும் நிறைவேற்றி, 2023 ஏப்ரலில் ஒப்புதல் கிடைத்தது. அவ்வாண்டு நவம்பரில் ரம்மியும் போக்கரும் திறமை ஆட்டங்களே என்று உயர்நீதிமன்றம் அவற்றை மட்டும் தடையிலிருந்து விலக்கியது. குதிரைப் பந்தயமும் திறமையே என்று உச்சநீதிமன்றம் 1996-இலேயே கூறியிருந்தது. அதன்பின் வந்தது மறுபடியும் அளவு: நள்ளிரவு முதல் காலை ஐந்து மணி வரை ஆடக்கூடாது என்ற விதி. 2025 ஜூனில் நீதிமன்றமும் அதை ஏற்றது. அவ்வாண்டு ஆகஸ்டில் பாராளுமன்றமே, திறமையா தற்செயலா என்று பாராமல், பணம் வைத்து ஆடும் இணைய ஆட்டங்கள் அனைத்தையும் தடுக்கும் சட்டத்தை இயற்றியது.

தடை வேண்டும் என்பவள் நான். ஆனால் தடையால் ஆசை தீர்ந்துவிடும் என்று நம்புபவள் அல்லள். சீட்டுக் கடை முன் நிற்பவனை ஊர் பார்த்தது. அண்ணன் பார்த்தான், மாமன் பார்த்தான், எதிரே வந்த டீச்சரும் பார்த்தாள். நாணம் ஒரு வரம்பாக இருந்தது. போர்வைக்குள் ஒளிரும் கைப்பேசியை யார் பார்க்கிறார்?

நம் இல்லங்களைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். சிலருக்கு வருத்தம் தரலாம். நம் பிள்ளைகள் லாட்டரி வாங்குவதில்லை, ரம்மி ஆடுவதில்லை என்று நாம் நிம்மதியாக இருக்கிறோம். பங்குச் சந்தையில் முதலீடு செய்து ஒரு தொழிலின் இலாப நட்டத்தில் பங்கேற்பது வேறு. பொருளும் இல்லை, தொழிலும் இல்லை, இன்று மாலைக்குள் எண் ஏறுமா இறங்குமா என்று பணம் வைப்பது வேறு. 2022 முதல் 2024 வரையான மூன்று நிதியாண்டுகளில் ஊக வணிகப் பிரிவில் ஈடுபட்ட ஒரு கோடிக்கும் மேற்பட்ட தனிநபர்களில் நூற்றுக்கு 93 பேர் நட்டமடைந்தனர் என்றும், மொத்த நட்டம் 1.8 இலட்சம் கோடி ரூபாய்க்கு மேல் என்றும் செபி நிறுவனமே கணக்கிட்டு வெளியிட்டது. சட்டம் இதற்குச் சூது என்று பெயரிடவில்லை. மாதச் சம்பளம் வாங்கும் நம் பேரப்பிள்ளைகள் எத்தனை பேர் அந்த 93-இல் இருக்கிறார்கள் என்று ஒவ்வொரு வீடும் தனக்குள் கேட்டுக்கொள்ளட்டும்.

எஞ்சியது தானத்தின் கேள்வி. கொலராடோவில் வரி கல்லூரிகளுக்குச் செல்கிறது. கேரளத்தில் 2011-இல் தொடங்கிய காருண்யா லாட்டரியின் வருவாய் ஏழை நோயாளிகளின் புற்றுநோய்க்கும் சிறுநீரக நோய்க்கும் மருத்துவமாகிறது. ஔஷத தானமும் சாஸ்திர தானமும் நம் நான்கு தானங்களில் இரண்டு அல்லவா? அந்த மருந்தால் பிழைத்த உயிரின் முன் நின்று, 'இப்பணம் ஆகாது' என்று சொல்ல எனக்கு நா எழாது. ஆனால் ஏழையின் மருந்துக்கு மற்றோர் ஏழையின் ஏமாற்றத்திலிருந்து பணம் திரட்டுவதை நல்ல வழி என்றும் சொல்ல மாட்டேன்.

பழனி அருகே ஐவர்மலைக்கு நாங்கள் குடும்பத்தோடு சென்றிருக்கிறோம். சூதில் நாடிழந்து காட்டுக்குச் சென்ற பாண்டவர் ஐவர் தங்கிய மலை என்று ஊரார் பெயர்க்காரணம் சொல்வர். அதே மலையின் பாறையில் தீர்த்தங்கரர் திருவுருவங்கள் வரிசையாக உள்ளன. கி.பி. 870-இல், வரகுண பாண்டியனின் எட்டாம் ஆட்சியாண்டில், சாந்திவீரக் குரவர் பார்சுவநாதரையும் இயக்கியரையும் புதுப்பித்து, அவிபலிக்கும் ஓர் அடிகளின் உணவுக்குமாக ஐந்நூற்றைந்து காணம் பொன் வைத்ததைக் கல்வெட்டு கூறுகிறது. ஐந்நூறு என்று முழுமையாக்காமல் ஐந்நூற்றைந்து என்று எழுதியிருப்பது எனக்குப் பிடித்தமானது. இருந்ததை எண்ணி வைத்த கை அது.

வாரம் முடிந்து பேரன் அழைத்தபோது இவற்றையெல்லாம் சொன்னேன். "நீங்கள் சொல்வது எனக்குச் சரி. ஆனால் மற்றவர்களுக்கு நான் ஏன் விதிக்க வேண்டும்?" என்று கேட்டான். அவர்களை விதிக்கச் சொல்லவில்லை, உன் சீட்டில் உன் இசைவு வேண்டுமா என்றுதான் உன்னைக் கேட்கிறார்கள், இசைவைத் தராமலிருக்கலாம் என்றேன். அவன் 'வேண்டாம்' என்று குறித்தான். நவம்பரில் 'வேண்டும்' என்றோரே வென்றனர்; மூன்று ஊர்களிலும் 2021 மே மாதம் முதல் உச்சவரம்பு இல்லை.

பூட்டுத் தொழிலாளி தந்த நூறு ரூபாயை என்ன செய்தேன் என்று அவன் கேட்டான். மேலும் சிறிது பணம் சேர்த்து வகுப்புக்கு ஒரு தமிழ் அகராதி வாங்கினேன். பெண்கள் அதைப் போட்டி போட்டுக்கொண்டு புரட்டினார்கள். நூற்பாலைக்குச் செல்லுமுன் அவர் மகளும் புரட்டினாள். நன்கொடைப் புத்தகங்களின் முதற்பக்கத்தில் கொடுத்தவர் பெயரை எழுதுவது எங்கள் பள்ளி வழக்கம். அவர் பெயரை எழுதலாமா, சீட்டில் தோற்றவர்களின் பெயரை எழுத வேண்டுமா, என் பெயரை எழுதினால் அது பொய்யாகுமா என்று பலமுறை பேனாவை எடுத்தேன். நான் ஓய்வு பெற்ற நாளில் அந்தப் பக்கம் எழுதப்படாமலே இருந்தது.